உழைப்பாளர் சிலை தந்த வங்கச் சிற்பி

பவானிபூரில் ஆசுதோஷ் முகர்ஜி சாலை வழியே தினமும் ஆபீசுக்குப் போய்வருகிறோம். அந்த ஆசுதோஷின் சிலையைச் செய்த கைதான் சென்னைக் கடற்கரையில் உழைப்பாளர் சிலையையும் செய்தது என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. 1899இல், இன்று வங்கதேசத்திலுள்ள ரங்பூர் பகுதியில் ஜமீன் குடும்பத்தில் பிறந்தவர். அபனீந்திரநாத் தாகூரிடமும், மேலைநாட்டு முறையை இத்தாலிய ஓவியர் ஒருவரிடமும் பயின்றார்.

1929இல் சென்னைக் கலைப்பள்ளிக்குத் தலைவராக வந்தார். அதுவரை வெள்ளையரே வகித்த பதவி அது. ஏறத்தாழ 30 ஆண்டுகள் அங்கேயே பணிபுரிந்தார். கே.சி.எஸ். பணிக்கர், தனபால் முதலியோர் அவரிடம் பயின்றவர்கள். 1954இல் லலித் கலா அகாடமியின் முதல் தலைவரானார். 1958இல் பத்மபூஷண் பெற்றார். தாய்மொழியான வங்காளத்தில் கதைகளும் எழுதினார். 1975இல் காலமானார்.

மன்னர்களுக்கும் தலைவர்களுக்கும் சிலை வைக்கும் நாட்டில், பாறையை நெம்பித் தள்ளும் பெயரில்லாத நான்கு கூலியாட்களை அவர் பீடத்தில் ஏற்றினார். 1959இல் திறக்கப்பட்ட அச்சிலை, 1923இல் சிங்காரவேலர் மே தினம் கொண்டாடிய அதே கடற்கரையில் நிற்கிறது.

வேலைக்காக ஊர்விட்டு வந்தவர்கள் நாம். அவரும் அப்படி வந்தவர்தான். வந்த ஊரின் உழைப்பாளியை மதித்தார். அந்த ஊரும் அவர் வேலையை இன்றளவும் காத்து வருகிறது.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பிள்ளைகளுக்கு அச்சிலையைக் காட்டுங்கள். செய்தவர் எந்த ஊர்க்காரர் என்பதையும் சொல்லி வையுங்கள்.