45 பவுண்டுக்கு ஒரு பிணம்!

பேய்ப் படம் எடுக்க என்னவெல்லாம் வேண்டும்? ஒரு பாழடைந்த பங்களா, நாலு கிராஃபிக்ஸ் ஆட்கள், காதைக் கிழிக்கும் மியூஸிக், அப்புறம் ஒரு சூட்கேஸ் நிறையப் பணம். அப்படித்தானே நினைக்கிறீங்க? அந்த சூட்கேஸ் இல்லாமலேயே ஊரை அலறவிட்ட கில்லாடிகள் சிலர் பிரிட்டனில் இருக்கிறார்கள் பாஸ்!

பிரிட்டிஷ் பேய்ப் படம் என்றதும் கிறிஸ்டோபர் லீயின் டிராகுலா பல்லும், ஹேமர் கம்பெனியின் கோட்டைகளும்தான் பலருக்கும் ஞாபகம் வரும். அதற்கு வெளியே, அதிகம் பேசப்படாத நாலு படங்களை இங்கே பார்க்கலாம். நாலிலும் ஒரே சூத்திரம்தான். எக்ஸாம் பேப்பரில் 'கிவன் டேட்டா' என்று நாலு வரி கொடுப்பார்கள் இல்லையா? கொடுத்ததை வைத்துத்தான் விடை கண்டுபிடிக்கணும், கொடுக்காததைக் கேட்டு அழ முடியாது. இந்த டைரக்டர்களும் அதைத்தான் செய்தார்கள்.

சுரங்கத்துக்குள் ஒருவன்

முதல் படம், 'டெத் லைன்' (1972). லண்டன் பாதாள ரயிலில் ராத்திரி நேரத்தில் பயணிகள் காணாமல் போகிறார்கள். காரணம், 1892-ல் நடந்த ஒரு விபத்து. சுரங்கம் தோண்டும்போது மண் சரிந்து தொழிலாளர்கள் உள்ளே சிக்குகிறார்கள். வேலை எடுத்த கம்பெனி திவால். செலவு செய்து மீட்க ஆளில்லை. அப்படியே விட்டுவிடுகிறார்கள். அவர்களின் கடைசி வாரிசுதான் இப்போது மனிதர்களைப் பிடித்துத் தின்கிறான்.

டைரக்டர் கேரி ஷெர்மனுக்கு இது முதல் படம். பிரமாண்ட செட்டெல்லாம் கிடையாது. ஆல்ட்விச் என்று ஒரு குட்டி ஸ்டேஷன், அப்போது கூட்ட நேரத்தில் மட்டும்தான் ரயில் ஓடும். அங்கேயே படம் பிடித்தார்கள். (1994-ல் அந்த ஸ்டேஷனை மூடியே விட்டார்கள்.) அந்த மனிதனின் இருப்பிடத்தை கேமரா முதன்முதலாகக் காட்டும் காட்சி இருக்கிறதே... கட்டே இல்லாமல், நிமிடக்கணக்கில், இருட்டில் மெதுவாக நகர்ந்துகொண்டே இருக்கும். தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்கும். பாதி பயத்தை நம்ம மூளையே தயாரித்துவிடுகிறது.

அவனுக்குத் தெரிந்த ஒரே வாக்கியம், ஸ்டேஷன் ஊழியர்கள் கத்துகிற 'கதவைப் பார்த்து!' என்பதுதான். அன்பு, கோபம், அழுகை எல்லாவற்றையும் அந்த இரண்டு வார்த்தையில்தான் சொல்வான். படம் முடியும்போது அவன்மேல் பயத்தைவிடப் பரிதாபம் அதிகமாக இருக்கும். உண்மையான பேய் அந்தக் கம்பெனிதானோ என்று தோன்றும்.

ஒரே ஒரு வயல்

'எ ஃபீல்டு இன் இங்கிலாந்து' (2013). டைரக்டர் பென் வீட்லி, திரைக்கதை ஏமி ஜம்ப். 17-ம் நூற்றாண்டு இங்கிலாந்தின் உள்நாட்டுப் போர்தான் பின்னணி. சரித்திரப் படமாச்சே, ஆயிரம் குதிரை, பத்தாயிரம் சிப்பாய் வேணுமே? வாய்ப்பே இல்லை. கையில் இருந்தது சுமார் 3 லட்சம் பவுண்டு, 12 நாள் ஷூட்டிங். அதனால் போரை வேலிக்கு அந்தப் பக்கம் தள்ளிவிட்டு, அங்கிருந்து ஓடிவந்த சிலரை ஒரே ஒரு வயலுக்குள் விட்டார்கள். கறுப்பு வெள்ளைப் படம். காளான், மந்திரவாதி, புதையல்... அவ்வளவுதான் சரக்கு.

இதில் ஒரு காட்சி. ஒருவனைக் கூடாரத்துக்குள் இழுத்துப் போகிறார்கள். கேமரா வெளியிலேயே நிற்கிறது. அலறல் மட்டும் கேட்கிறது. கொஞ்ச நேரம் கழித்து உடம்பில் கயிறு கட்டியபடி, முகம் முழுக்க ஒரு சிரிப்போடு ஸ்லோ மோஷனில் வெளியே வருகிறான். சொட்டு ரத்தம் கிடையாது. உள்ளே என்ன நடந்தது என்று கடைசிவரை காட்டவே மாட்டார்கள். அந்தச் சிரிப்பு ரெண்டு நாளைக்குத் தூங்க விடாது, சொல்லிட்டேன்!

இன்னொரு விஷயம். 2013 ஜூலை 5-ம் தேதி தியேட்டர், டி.வி., டி.வி.டி., இன்டர்நெட் என எல்லாவற்றிலும் ஒரே நாளில் இந்தப் படத்தை ரிலீஸ் செய்தார்கள். விளம்பரத்துக்குக் காசில்லாத படத்துக்கு அந்த முடிவே விளம்பரமாகிவிட்டது.

லாக்டவுன் பேய்

'ஹோஸ்ட்' (2020). கொரோனா லாக்டவுனில் நண்பர்கள் சேர்ந்து ஜூம் காலில் ஆவியைக் கூப்பிடுகிறார்கள். அதுவும் வந்து தொலைக்கிறது! டைரக்டர் ராப் சாவேஜ், நடிகர்கள் இருந்த அறைக்குள் கால்கூட வைக்கவில்லை. லைட் வைத்தது, கேமரா வைத்தது எல்லாம் அந்தந்த வீட்டில் நடிகர்களே. யோசனையில் தொடங்கிப் படம் கைக்கு வர மொத்தம் 12 வாரம். ஓடும் நேரம் ஒரு மணி நேரத்துக்கும் குறைவு.

யாரும் யாருடைய வீட்டுக்கும் போக முடியாது என்பது படம் எடுத்தவர்களுக்குத் தலைவலி. கதைக்கு அதுதான் வரம். தோழி திரையில் அலறுகிறாள், நீங்கள் சின்னக் கட்டத்துக்குள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஓடிப்போய்க் காப்பாற்ற வழியில்லை. 2020-ல் எத்தனையோ குடும்பங்கள் உண்மையிலேயே அனுபவித்த வேதனை அது. இந்தப் பேய் அவ்வளவு கடிக்கக் காரணம் அதுதான்.

45 பவுண்டு கணக்கு

இப்போ தலைப்புக்கு வருவோம். 'கோலின்' (2008). ஸோம்பி கடித்துச் செத்துப்போய், தானும் ஸோம்பியாக எழுந்து தெருத் தெருவாக அலைகிற ஒரு இளைஞனின் பார்வையிலேயே நகரும் படம். கோலினின் அக்கா தங்கச்சி பாசக் காட்சியெல்லாம் உண்டு. உடன்பிறந்தவள் அவனை அடையாளம் கண்டு வீட்டுக்குக் கூட்டிப்போகப் பார்ப்பாள். நெஞ்சைப் பிசையும். மார்க் பிரைஸ் என்பவர் சாதாரண கேம்கார்டரில் எடுத்து, எழுதி, எடிட்டிங்கும் செய்தார். செலவு 45 பவுண்டு என்றார். அன்றைய மதிப்பில் மூவாயிரத்துச் சொச்ச ரூபாய்! ஒரு கடப்பாரை, சில டேப்புகள், டீ, காபி. அவ்வளவுதானாம். 2009-ல் அந்தப் படம் கான் திரைப்படச் சந்தை வரைக்கும் போனது.

கேட்டதும் கை பரபரக்குதா? ஒரு நிமிஷம். அந்த 45 பவுண்டு பாதி உண்மைதான். மேக்கப் போட்டவர்கள் சம்பளம் வாங்கவில்லை. ஸோம்பியாக அலைந்த கூட்டமும் சும்மாதான் வந்தது. பிரைஸ் மாதக்கணக்கில் தன் நேரத்தைக் கொட்டினார். படத்துக்கு விலை இல்லாமல் இல்லை. அதை யார் யாரோ பகிர்ந்து கட்டினார்கள். பில்லில் 45 தெரிகிறது, பில்லுக்கு வெளியே பத்து மடங்கு, நூறு மடங்கு உழைப்பு நிற்கிறது. கூலியாட்களைச் சுரங்கத்தில் விட்டுவிட்டுப் போன அந்த 'டெத் லைன்' கம்பெனியும் செலவைத்தானே மிச்சம் பிடித்தது?

அதனால் கல்ச்சுரல்ஸுக்குக் குறும்படம் எடுக்கத் துடிக்கிற மக்களே, ரெண்டு விஷயம். ஒண்ணு, கதை எழுதும் முன்னாடி கையில் என்ன இருக்கு என்று லிஸ்ட் போடுங்க. ஒரு மொட்டை மாடி, ஒரு கரன்ட் கட், ஒரு செல்போன் இருக்கா? அந்த லிஸ்ட்டிலிருந்தே பேயைப் பிடிங்க. காட்ட முடியாததைக் காட்டாமல் விடுங்க, பார்க்கிறவன் தானே கற்பனை பண்ணிப்பான்.

ரெண்டாவது, ஓசியில் வந்து உழைத்த ஒவ்வொருத்தர் பெயரும் டைட்டிலில் வரணும், எழுத்துப்பிழை இல்லாமல். பரோட்டாவும் உங்க செலவுதான்!