‘பசுமைப் பள்ளி’ விருது: சோலார் பலகை மாட்டினால் போதுமா?

ஏப்ரல், மே வந்துவிட்டால் நந்தனம், சைதாப்பேட்டை, தேனாம்பேட்டை வட்டாரத்துப் பெற்றோர் மத்தியில் ஒரே பேச்சுதான்: “உங்க பையனை எந்த ஸ்கூல்ல சேர்க்கப் போறீங்க?” பள்ளிகளும் சும்மா இருப்பதில்லை. வாசல் கேட்டில் பேனர் தொங்குகிறது. ‘பசுமைப் பள்ளி’ என்கிறது ஒன்று, ‘ஐந்து நட்சத்திரத் தகுதி’ என்கிறது இன்னொன்று, ‘நல்லாசிரியர் விருது பெற்ற தலைமை ஆசிரியர்’ என்கிறது மற்றொன்று. (பசுமைப் பள்ளி என்று அறிவிக்கும் அந்த பேனரே பிளாஸ்டிக் ஃபிளெக்ஸ் என்பது வேறு விஷயம்.)

ஒன்றாம் வகுப்பில் பிள்ளையைச் சேர்க்க வரும் ஓர் அம்மா, “இதெல்லாம் இருந்தா என் பொண்ணு நல்லா படிப்பாளா?” என்று கேட்டால் அது நியாயமான கேள்வி. பதில் சொல்ல வேண்டுமானால், இந்த விருதுகள் எதை அளக்கின்றன என்று முதலில் பார்க்க வேண்டும்.

யார் கொடுக்கிறார்கள், எதற்காக?

மத்தியக் கல்வி அமைச்சகம் 2016இல் ‘ஸ்வச் வித்யாலயா’ விருதைத் தொடங்கியது. அது 2025இல் ‘ஸ்வச் ஏவம் ஹரித் வித்யாலயா’ தரமதிப்பீடாக மாறியது. ‘தூய்மையான, பசுமையான பள்ளி’ என்று பொருள். குடிநீர், கழிப்பறை, சோப்பு போட்டுக் கைகழுவுதல், பராமரிப்பு, பழக்க மாற்றம் ஆகியவற்றோடு சுற்றுச்சூழல் நடவடிக்கைகளும் புதிதாகச் சேர்ந்தன. மொத்தம் 60 கேள்விகள். பள்ளியே பதில்களைப் பதிவேற்ற வேண்டும். அதிகாரிகள் பிறகு சரிபார்ப்பார்கள். அதற்கேற்ப ஐந்து நட்சத்திரம் வரை கிடைக்கும். தேசிய அளவில் 200 பள்ளிகளைத் தேர்ந்தெடுப்பது திட்டம்.

தமிழகச் சுற்றுச்சூழல் துறைக்குத் தனியாகப் பசுமைப் பள்ளித் திட்டம் இருக்கிறது. முதல் கட்டத்தில் 25 பள்ளிகள், பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் என்று தொடங்கியது. பள்ளிக் கூரைகளில் வெப்பத்தைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு அடிக்கும் ‘குளிர் கூரை’ வேலையும் இந்தப் பள்ளிகளில்தான் நடக்கிறது. அத்துறையின் செயலர் சுப்ரியா சாஹுவுக்கு 2025இல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு ‘சாம்பியன்ஸ் ஆஃப் தி எர்த்’ விருது கொடுத்தபோது இந்தக் கூரை வேலையையும் குறிப்பிட்டது. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கை வளாகத்திலிருந்து விரட்டிய பள்ளிகளுக்கு மஞ்சப்பை விருது உண்டு. முதல் பரிசு 10 லட்சம், அடுத்து 5 லட்சம், 3 லட்சம்.

கற்பித்தலுக்கான விருதுகள் முற்றிலும் வேறு தடத்தில் ஓடுகின்றன. தேசிய நல்லாசிரியர் விருது, மாநில அரசின் டாக்டர் ராதாகிருஷ்ணன் விருது இரண்டுமே ஆசிரியர் என்ற தனிநபருக்குத் தரப்படுபவை. (அந்த ராதாகிருஷ்ணன் ஆசிரியர் பயிற்சி பெற்றது நந்தனத்தை ஒட்டிய சைதாப்பேட்டைக் கல்லூரியில்தான். 1856இல் தொடங்கிய நிறுவனம் அது.) ராமநாதபுரம் மாவட்டம் கீழாம்பல் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியின் ராமச்சந்திரன் 2022இல் தேசிய விருது பெற்றார். பிள்ளைகளைப் போலவே தானும் சீருடை போட்டுக்கொண்டு பள்ளிக்கு வருபவர் என்பதால் பலருக்கு அவரை நினைவிருக்கும்.

ஆக, கட்டடத்துக்கு ஒரு துறை மதிப்பெண் போடுகிறது, ஆசிரியருக்கு இன்னொரு துறை போடுகிறது. மாடியில் சோலார் பலகை, கீழே வகுப்பில் “எழுதுங்க, மனப்பாடம் பண்ணுங்க” என்ற பழைய பாடம். இப்படி ஒரு பள்ளி இருந்தாலும் அதற்குப் பசுமை விருது கிடைக்கத் தடை ஏதும் இல்லை. சிக்கல் இங்கேதான்.

இரண்டும் சேர்ந்தால் எப்படி இருக்கும்?

மகாராஷ்டிரத்தைப் பாருங்கள். புனே மாவட்டம் வாபளேவாடி என்ற சின்ன ஊரின் ஜில்லா பரிஷத் பள்ளி, தனக்குத் தேவையான மின்சாரத்தைத் தானே எடுத்துக்கொள்ளும் ‘பூஜ்ய ஆற்றல் பள்ளி’யாகப் பெயர் வாங்கியது. அதை வளர்த்தவர் தத்தாத்ரேய வாரே என்ற ஆசிரியர். பின்னர் அவர் அதே மாவட்டத்தின் கேட் தாலுகாவில் உள்ள ஜாலிந்தர்நகர் பள்ளிக்குப் போனார். அப்போது அங்கே படித்தவர்கள் மூன்றே பேர். மூடுவிழாவுக்கு நாள் குறிக்கிற நிலை.

அங்கே அவர் நம்பியது கட்டடத்தை மட்டும் அல்ல. ‘பாட நண்பன்’ என்றொரு முறை. ஒரு பாடத்தில் தேறிய பிள்ளை, வயது வகுப்பு வித்தியாசம் பார்க்காமல் இன்னொரு பிள்ளைக்குச் சொல்லித்தரும். மூன்று பேர் நூற்றுக்கும் மேல் ஆனார்கள். 2025இல் டி4 எஜுகேஷன் அமைப்பின் ‘உலகின் சிறந்த பள்ளி’ விருதுகளில், பொதுமக்கள் வாக்கால் தேர்வாகும் விருது இந்த அரசுப் பள்ளிக்குத்தான் கிடைத்தது.

“அது கிராமம் சார், அங்கே இடம் இருக்கு. மெட்ராஸ்ல ஒரு கிரவுண்டுல பள்ளிக்கூடம் நடத்துறவங்க என்ன பண்ணுவாங்க?” என்று கேட்கலாம். சரி, நந்தனத்துக்கே வருவோம்.

இந்த வட்டாரத்துத் தெற்கு எல்லை அடையாறு. 2015 டிசம்பரில் அந்த ஆறு கரை மீறி வீடுகளுக்குள் வந்தது. 2019 கோடையில் இதே ஊரில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு வரிசை நின்றது. வெள்ளமும் வறட்சியும் நாலு வருஷ இடைவெளியில் வந்த ஊரில், ஐந்தாம் வகுப்புக் கணக்குக்கு உதாரணம் தேடிப் பாடநூலைப் புரட்ட வேண்டியதில்லை.

ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 1,400 மி.மீ. மழை. பள்ளிக் கூரை 200 சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால் 2,80,000 லிட்டர். ஆவியானது, வழிந்தது என்று ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தாலும் 2,24,000 லிட்டர் மிஞ்சும். பெருக்கல், பின்னம், அலகு மாற்றம் எல்லாம் இந்த ஒரு கணக்கிலேயே வந்துவிடுகிறது. கூரையை டேப் பிடித்து அளக்க வேண்டியது பிள்ளைகள்தான். சின்ன வகுப்புக்கு இன்னும் எளிது: ஒழுகும் குழாயின் கீழே ஒரு டம்ளரை வைத்து, நிறைய எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்க்கச் சொன்னால் போதும். நொடிக்கு ஒரு சொட்டு விழும் குழாய் ஒரு நாளில் லிட்டர் கணக்கில் தண்ணீரை வீணாக்கும். அதைத் தானே கண்டுபிடித்த பிள்ளை வீட்டுக்குப் போய், “அம்மா, நம்ம வீட்டுக் குழாயை மாத்தணும்” என்று நச்சரிக்கும்.

டெல்லியைச் சேர்ந்த அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் நடத்தும் பசுமைப் பள்ளித் திட்டம் எனக்குப் பிடிப்பதும் இதனால்தான். காற்று, ஆற்றல், உணவு, நிலம், நீர், கழிவு என்று ஆறு தலைப்புகளில் தணிக்கை செய்ய வேண்டியவர்கள் மாணவர்களே. ஆசிரியர் கூட இருந்து வழிகாட்டுவார். அந்தத் தணிக்கையே பாடமாகிவிடுகிறது.

தமிழகத் தொடக்கப் பள்ளிகளுக்கு இது அந்நியமும் அல்ல. 2022 ஜூனில் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டமே ஆடல், பாடல், செயல்பாடு வழியாக எழுத்தையும் எண்ணையும் பழக்குவது. காலை உணவு முடிந்தபின் மிஞ்சியதை எடை போட்டு கரும்பலகையில் எழுதுவது ஒரு நாளில் ஐந்து நிமிட வேலை. ஒரு மாதம் கழித்து அதுவே வரைபடம். ஆனால் ஒரே ஆசிரியர் இரண்டு மூன்று வகுப்பைச் சேர்த்துப் பார்க்கும் பள்ளியில், இதையும் அவர் தலையில் கட்டி, “செய்ததைப் போட்டோ எடுத்து அப்லோட் பண்ணுங்க” என்று சொன்னால் போட்டோ மட்டும்தான் வரும்.

பெற்றோர் என்ன கேட்கலாம்?

காசு கட்டினால் கிடைக்கும் கேடயங்களும் சந்தையில் உண்டு. எனவே முதலில், விருதைக் கொடுத்தது யார், எந்த ஆண்டு, யாராவது நேரில் வந்து பார்த்தார்களா என்று கேளுங்கள். அடுத்து, தலைமை ஆசிரியரை விட்டுவிட்டு ஒரு நாலாம் வகுப்புப் பிள்ளையிடம், “உங்க ஸ்கூல் மழைத் தண்ணி எங்க போகுது?” என்று கேளுங்கள். அந்தப் பிள்ளை கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டினால் அந்தப் பள்ளியில் ஏதோ நடக்கிறது. கழிப்பறையில் இடைவேளைக்குப் பிறகும் தண்ணீர் வருகிறதா, சோப்பு இருக்கிறதா என்பதையும் ஒருமுறை எட்டிப் பாருங்கள்.

விருது வாங்கித் தந்த ஆசிரியர் இடமாறிப் போன பிறகு எல்லாம் காய்ந்துபோவதுதான் அரசுப் பள்ளிகளின் பெரிய பயம். அதற்குச் சட்டத்திலேயே ஒரு பிடி இருக்கிறது. 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டப்படி, அரசுப் பள்ளிகளின் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர். மொத்த உறுப்பினர்களில் பாதி பெண்கள். பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தைத் தயாரிப்பது அந்தக் குழுவின் வேலை. சோலார் பலகையைத் துடைப்பது யார், இன்வெர்ட்டர் பேட்டரி போனால் எந்த நிதியில் மாற்றுவது, மழைநீர்த் தொட்டியில் வண்டலை எடுப்பது எந்த மாதம் என்று அந்தத் திட்டத்தில் எழுதியிருக்கிறதா? குழுவின் அடுத்த கூட்டத்தில் அந்தத் தாளை வாங்கிப் பாருங்கள்.