வெட்டுக்கு முன், வெட்டுக்குப் பின்

சென்ற மாதம் முதுகலை உளவியல் மாணவி ஒருத்தி தன் ஆய்வேட்டைக் கொண்டுவந்தாள். தலைப்பு ‘தமிழக இளைஞர்களின் மன அழுத்தம்’. கூகுள் படிவம் ஒன்றைத் தயார் செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறாள். 112 பேர் நிரப்பியிருந்தார்கள்.

“இவங்க எல்லாம் யாரும்மா?” என்று கேட்டேன்.

“பாதிக்கு மேல நம்ம ஹாஸ்டல் பிள்ளைங்க மேடம். மீதி அவங்க ஃபிரண்ட்ஸ்.”

கணக்கெல்லாம் சரியாகத்தான் போட்டிருந்தாள். ஆனால் செங்கல் சூளையில் வேலை பார்க்கும் இருபது வயதுப் பையன் அதில் இல்லை. திருப்பூர் பனியன் கம்பெனியில் நைட் ஷிஃப்ட் போகும் பெண்ணும் இல்லை.

அவளைக் குறை சொல்ல மனம் வரவில்லை. பெரிய பெரிய ஆய்வாளர்களே கைக்கு எட்டிய கல்லூரி மாணவர்களைச் சோதித்துவிட்டு ‘மனித மனம் இப்படித்தான்’ என்று எழுதியிருக்கிறார்கள். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்து ஹென்ரிக், ஹைன், நொரென்சயான் மூவரும் 2010-ல் இதைப் போட்டு உடைத்தார்கள். முக்கிய உளவியல் இதழ்களின் ஆய்வுகளில் கலந்துகொண்டவர்களில் 96 சதவீதம் பேர் மேற்கத்தியத் தொழில்வள நாடுகளைச் சேர்ந்தவர்கள். உலக மக்கள்தொகையில் அந்த நாடுகளின் பங்கோ 12 சதவீதம்தான் என்ற கணக்கை எடுத்து முன்வைத்தார்கள்.

கல்லூரியை விட்டு விவசாயிகளைத் தேடிப்போன ஒரு கரும்பு ஆய்வை மாணவிக்குச் சொன்னேன். எங்கள் வீட்டிலும் கரும்புதான். ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வந்து பணம் கைக்கு வரும்வரை அம்மாவின் தோடு அடகுக் கடையில் இருக்கும். அந்த மாதங்களில் அப்பா ஒரே கணக்கை மூன்று தடவை போட்டுப் பார்ப்பார். வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வோம்.

பணத் தட்டுப்பாடே யோசிக்கும் திறனைக் குறைக்கிறதா? ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷாஃபிர், ஜியாயிங் ஷாவ் நால்வரும் இதை ஆராய்ந்து 2013-ல் ‘சயன்ஸ்’ இதழில் எழுதினார்கள். அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஒரு மாலுக்கு வந்தவர்களிடம், ‘உங்கள் கார் பழுதானால் என்ன செய்வீர்கள்?’ என்று கேட்டு யோசிக்கவிட்டுப் புதிர்கள் கொடுத்தார்கள். சிலருக்குச் செலவு 150 டாலர், சிலருக்கு 1,500. யாருக்கு எந்தத் தொகை என்பது குலுக்கல். பெரிய தொகையைக் கேட்ட ஏழைகள் புதிர்களில் தடுமாறினார்கள், வசதியுள்ளவர்களிடம் மாற்றமில்லை. ஆய்வாளரே ஒன்றை மாற்றிப் பார்க்கும் முறையான சோதனை இது.

ஆனால் ஒருவரை ஏழையாக்குவதற்குக் குலுக்கல் போட முடியுமா? அதற்காகத்தான் விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கம் 54 கிராமங்களில் 464 சிறு கரும்பு விவசாயிகளைப் பார்த்தார்கள். அதே மனிதரை வெட்டுக்கு முன் ஒருமுறை, வெட்டு முடிந்து பணம் வந்தபின் ஒருமுறை. வாழ்க்கையே நடத்தித் தரும் இந்த வகைக்கு இயற்கைச் சோதனை என்று பெயர்.

கொடுத்த சோதனைகளில் ஒன்றை நீங்களே செய்து பாருங்கள். 2222 என்று எழுதியிருக்கும். எத்தனை இலக்கங்கள் இருக்கின்றன என்று சட்டென்று சொல்ல வேண்டும். விடை நான்கு, நாக்கு நுனியில் வந்து நிற்பது இரண்டு. வழக்கமாக இதற்கு நிறப் பெயர்களை வேறு நிற மையில் எழுதி, மையின் நிறத்தைச் சொல்லச் சொல்வார்கள். எழுத்து வாசிக்க வராதவர்களையும் விட்டுவிடாமல் சேர்க்க எண்களுக்கு மாறினார்கள். எனக்கு இந்த ஆய்வில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

வெட்டுக்கு முன் இந்தச் சோதனைக்குச் சராசரியாக 146 விநாடி ஆனது, பின்னர் 131. வடிவப் புதிர்களில் சரியான விடைகள் 4.35-லிருந்து 5.45-ஆகக் கூடின.

‘இரண்டாவது தடவை பழகியிருக்கும்’ என்று யாரும் சொல்லலாமே? 100 பேரைத் தனியே ஒதுக்கி, வெட்டுக்குப் பின்தான் முதல்முறையாகச் சோதித்தார்கள். ‘பருவகாலம் காரணமாக இருக்கலாமே?’ ஆலை எல்லோருக்கும் ஒரே நாளில் வெட்டு உத்தரவு கொடுப்பதில்லை. மாதக்கணக்கில் முன்பின்னாக வரும். ஒரே மாதத்தில் ஒருவர் கையில் பணம், பக்கத்துக் காட்டுக்காரர் கையில் கடன்.

மறுப்புகளும் வந்தன. மால் சோதனையில் மக்களை ஏழை, பணக்காரர் என்று இரண்டாகப் பிரித்தது சரியல்ல என்று வாதிட்டார்கள். கரும்பு விவசாயியிடம் கண்டதை மீனவருக்கு அப்படியே பொருத்தவும் முடியாது.

ஆய்வில் குலுக்கல் இரண்டு இடங்களில் வரும். மாணவர்கள் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். யாரை ஆய்வுக்கு எடுப்பது என்பதில் குலுக்கினால், முடிவு எந்த மக்களுக்குப் பொருந்தும் என்று சொல்லலாம். எடுத்தவர்களில் யாருக்கு எது என்பதில் குலுக்கினால், இதனால்தான் இது நடந்தது என்று சொல்லலாம். ஒன்று இன்னொன்றின் வேலையைச் செய்யாது. அதே வாட்ஸ்அப் வட்டத்தில் 112 பேரை 10,000 பேராக்கினாலும் செங்கல் சூளைப் பையன் உள்ளே வரமாட்டான்.

மாணவி தலைப்பை ‘ஒரு கல்லூரி விடுதி மாணவிகள், அவர்களது நண்பர்கள் ஆகியோரின் மன அழுத்தம்’ என்று மாற்றிக்கொண்டாள். இப்போது அது நேர்மையான ஆய்வு. அடுத்த ஆண்டு ஆய்வேட்டுக்கு வழிகாட்டப்போகும் ஆசிரியர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஓர் ஊராட்சியின் வாக்காளர் பட்டியலிலிருந்து ஐம்பது பேரையாவது குலுக்கி எடுத்து, நேரில் போய்ப் பார்த்துவரச் சொல்லுங்கள். பஸ் செலவைக் கல்லூரி கொடுக்கட்டும்.