வந்தவாசிப் போர்: மோதியது பிரான்ஸும் இங்கிலாந்துமா, இரண்டு அயர்லாந்துக் குடும்பப் பெயர்களா?

பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் 'சர்நேம்' என்ற கட்டம் வந்ததும் தமிழர்கள் பலர் ஒரு நிமிடம் யோசிப்பார்கள். நமக்குத்தான் இனிஷியல் இருக்கிறதே, சர்நேமுக்கு எங்கே போவது? கடைசியில் அப்பா பெயரைப் போட்டுவிட்டு வருவோம். அப்புறம் வெளிநாட்டு கிளையன்ட் அனுப்பும் மெயில் எல்லாம் அப்பாவைக் கூப்பிட்டே வரும்.

குடும்பப் பெயர் என்பது ஒரு குடும்பத்தின் வரலாற்றையே சுமக்கும் ஊர்களும் உண்டு. அதில் முக்கியமானது அயர்லாந்து. அந்த நாட்டின் ஒரு குடும்பப் பெயர் திண்டிவனம், செஞ்சி, வழுதாவூர் வழியாக வந்து போயிருக்கிறது. அந்தப் பெயர் லாலி.

லாலி என்பது பிரெஞ்சுப் பெயர் இல்லையா?

பள்ளிப் பாடத்தில் "பிரெஞ்சுத் தளபதி கவுண்ட் லாலி" என்றுதான் படித்திருப்போம். அவர் பிறந்ததும் பிரான்ஸில்தான். 1702-ல், ரோமான் என்ற ஊரில். ஆனால் அப்பா ஜெரார்டு லாலி அயர்லாந்துக்காரர். கால்வே மாவட்டத்தில் டூவம் நகரத்துக்கு அருகே இருக்கும் டல்லநடாலிதான் குடும்பத்தின் பூர்வீகம்.

லாலியின் முழுப்பெயர் தாமஸ் ஆர்தர் லாலி. பட்டப்பெயர் 'பாரன் தெ தொலாந்தால்'. அந்தத் 'தொலாந்தால்' வேறொன்றும் இல்லை, டல்லநடாலி பிரெஞ்சு வாயில் அப்படி ஆகிவிட்டது. நாம் 'திண்டிவனம் ராமமூர்த்தி' என்று சொல்கிறோமே, அந்த மாதிரி. தான் பிறக்காத ஊரைக் கடைசிவரை பெயரோடு வைத்திருந்தார் லாலி.

அந்தப் பெயருக்கு என்ன அர்த்தம்?

ஐரோப்பாவில் பரம்பரைக் குடும்பப் பெயர் மிகப் பழைய காலத்திலேயே வேரூன்றிய நாடுகளில் அயர்லாந்தும் ஒன்று. 'மேக்' என்றால் மகன். 'ஓ' என்றால் பேரன், வழித்தோன்றல். 1014-ல் இறந்த மன்னர் பிரையன் போருவின் வழி வந்தவர்கள்தான் ஓ'பிரையன்கள். ஐரிஷ் மொழியில் பெண்களுக்கு இந்த முன்னொட்டே மாறும். 'ஓ' என்பது 'நீ' ஆகும், 'மேக்' என்பது 'நிக்' ஆகும்.

லாலியின் மூல வடிவம் 'ஓ மேல்அலி' என்பது போல ஒலிக்கும் ஒரு ஐரிஷ் பெயர். அதன் முதல் பகுதியான 'மேல்' என்பதற்கு மொட்டைத் தலை என்று அர்த்தம். மொட்டை போட்ட துறவி, அடியார் என்ற பொருளிலும் பல ஐரிஷ் பெயர்களில் அது வரும். நம்மூரில் மொட்டையாண்டி, மொட்டைச்சாமி என்று பெயர் வைப்பதை நினைத்துப் பார்த்தால் இது அந்நியமாகவே தெரியாது.

ஆங்கிலேய ஆட்சி வந்தபோது ஐரிஷ் பெயர்கள் ஆங்கில எழுத்துக்குள் திணிக்கப்பட்டன. 'ஓ'வும் 'மேக்'கும் பல குடும்பங்களில் உதிர்ந்துபோயின. இந்தப் பெயர் முதலில் ஓ'முல்லாலி ஆனது, பிறகு முல்லாலி, கடைசியில் வெறும் லாலி. ஃபோர்டு நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரியாக 2006 முதல் 2014 வரை இருந்த ஆலன் முலாலியின் பெயரும் இதே பெயரின் இன்னொரு எழுத்து வடிவம்தான். மறைமலை நகர் ஃபோர்டு ஆலை அவர் தலைமையின் கீழ் இயங்கிய காலம் அது.

பெயரை வெட்டுவதில் ஆங்கிலேயர்கள் பாரபட்சம் பார்த்ததில்லை. வந்தவாசி 'வாண்டிவாஷ்' ஆனது. திண்டிவனம் அருகே உள்ள பெருமுக்கல் 'பெர்மாகோயில்' ஆனது. வழுதாவூர் 'வால்டூர்' ஆனது.

(பஞ்சாபிலும் 'லாலி' என்ற குடும்பப் பெயர் உண்டு. ஒலி ஒன்றுதான், உறவு கிடையாது.)

அயர்லாந்துக்காரர் பிரெஞ்சுப் படையில் என்ன செய்தார்?

1691-ல் லிமெரிக் உடன்படிக்கையோடு அயர்லாந்தில் கத்தோலிக்க மன்னர் இரண்டாம் ஜேம்ஸின் தரப்பு தோற்றது. ஆயிரக்கணக்கான ஐரிஷ் வீரர்கள் நாட்டை விட்டு பிரான்ஸுக்குக் கிளம்பினார்கள். வரலாறு இவர்களைக் 'காட்டு வாத்துகள்' என்கிறது. லாலியின் அப்பாவும் அந்தப் பக்கம் நின்றவர். பிரெஞ்சு ராணுவத்தில் ஐரிஷ் படைப்பிரிவில் அவர் சேர்ந்தார். மகனும் அதே வழியில் வந்து, 1745-ல் ஃபோன்டனாய் போரில் ஆங்கிலேயரை எதிர்த்துச் சண்டையிட்டுப் பெயர் வாங்கினார்.

1758 ஏப்ரலில் லாலி பாண்டிச்சேரியில் இறங்கினார். ஜூன் மாதமே கடலூர் புனித டேவிட் கோட்டை அவர் கையில். அதன் பிறகு எல்லாம் இறங்குமுகம். தஞ்சாவூர்ப் படையெடுப்பு தோற்றது. சென்னை முற்றுகையும் 1759 பிப்ரவரியில் கைவிடப்பட்டது. கையில் காசு இல்லை, பாண்டிச்சேரி அதிகாரிகளோடு ஒத்துப்போகவும் இல்லை.

உள்ளூர் மக்களிடமும் அவர் நல்ல பெயர் எடுக்கவில்லை. சாமான் சுமக்கவும் வண்டி இழுக்கவும் பாண்டிச்சேரி மக்களைக் கட்டாயப்படுத்தினார். கீழ்வேளூர் கோயில் பிராமணர்களை ஒற்றர்கள் என்று சந்தேகித்துப் பீரங்கி வாயில் கட்டிக் கொன்றார். இங்கிலாந்து தன் குடும்பத்துக்குச் செய்த அநியாயத்தை மறக்காத மனிதர், இந்த மண்ணில் செய்தது இது.

எதிரில் நின்ற கூட் யார்?

1760 ஜனவரி 22. திண்டிவனத்திலிருந்து ஒரு மணி நேர பஸ் தூரத்தில் இருக்கும் வந்தவாசி. லாலியை எதிர்த்து ஆங்கிலப் படையை நடத்தியவர் அயர் கூட். அவர் பிறந்ததும் அயர்லாந்துதான், லிமெரிக் மாவட்டம்.

ஆனால் இந்தக் குடும்பம் வேறு வகை. கூட் என்பது ஆங்கிலப் பெயர். 1600 வாக்கில் ஆங்கிலப் படையோடு அயர்லாந்துக்கு வந்து, நிலமும் பதவியும் பெற்று, அங்கேயே வேர்விட்ட குடும்பம். இதே குடும்பத்தின் சார்லஸ் கூட்டிடம்தான் 1652-ல் கால்வே நகரம் சரணடைந்தது. கால்வே என்றால், லாலிகளின் மாவட்டத் தலைநகர். அதற்கு 108 வருடம் கழித்து, ஒரு லாலியும் ஒரு கூட்டும் வந்தவாசியில் நேருக்கு நேர் நின்றார்கள்.

இன்னொரு வேடிக்கை. கூட் என்பது ஒரு நீர்ப்பறவையின் பெயர், தமிழில் நாமக்கோழி. விழுப்புரம் - புதுச்சேரி எல்லையில் உள்ள ஊசுட்டேரியில் பார்க்கலாம். நெற்றியில் வெள்ளைப் பட்டை இருப்பதால் ஆங்கிலத்தில் வழுக்கைத் தலைக்கு அதை உவமை சொல்வார்கள். அந்தக் கேலிப் பெயர்தான் குடும்பப் பெயர் ஆனது என்று பெயராய்வாளர்கள் சொல்கிறார்கள். ஆக, அன்றைக்கு மோதியது ஒரு மொட்டையும் ஒரு வழுக்கையும்!

போரில் என்ன ஆனது?

இரு பக்கமும் சுமார் 2,000 ஐரோப்பிய வீரர்கள். கூடவே இந்தியச் சிப்பாய்கள். பிரெஞ்சு அணியின் இடது பக்கம், ஒரு குளக்கரை ஓரமாக வெடிமருந்து வண்டி வெடித்தது. அதோடு அந்தப் பக்கம் நிலைகுலைந்தது. லாலியின் பெயரையே தாங்கிய படைப்பிரிவை முன்னால் கொண்டுபோன புஸ்ஸி சிறைபிடிக்கப்பட்டார். லாலி சேத்துப்பட்டு, செஞ்சி வழியாகப் பின்வாங்கினார்.

அடுத்தடுத்து கோட்டைகள் விழுந்தன. மார்ச்சில் பெருமுக்கல், அங்கே கூட் காயமடைந்தார். ஏப்ரலில் வழுதாவூர். 1761 ஜனவரியில் பாண்டிச்சேரி. பத்து வருடமாக பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்த செஞ்சிக் கோட்டை கடைசியாக, அதே வருடம் ஏப்ரலில். 2025-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த அதே செஞ்சிதான்.

பெயரை மீட்கப் போன மகன்

லாலி கைதியாக இங்கிலாந்து போனார். பிரான்ஸில் தன்னைத் துரோகி என்று பேசுகிறார்கள் எனக் கேள்விப்பட்டு, தானே கேட்டுக்கொண்டு அங்கே திரும்பினார். கிடைத்தது பாஸ்டில் சிறை. 1766 மே 9-ம் தேதி பாரிஸில் அவர் தலை வெட்டப்பட்டது. பேசிவிடக் கூடாது என்று வாயை அடைத்தே கொண்டுபோனார்கள்.

அவருக்கு ஒரு மகன், 15 வயது. 'த்ரோஃபீம்' என்ற பெயரில் மட்டும் வளர்ந்த பையன். அவனுக்குக் குடும்பப் பெயரே கிடையாது. தன் அப்பா யார் என்று அவன் தெரிந்துகொண்டதே அந்த மரண தண்டனையை ஒட்டித்தான். பெயர் கிடைத்த அன்றே அந்தப் பெயர் துரோகியின் பெயராகவும் இருந்தது.

வேறு யாராக இருந்தாலும் அந்தப் பெயரை மறைத்திருப்பார்கள். அவன் அதையே எடுத்துக்கொண்டு வழக்காடினான். எழுத்தாளர் வோல்தேர் துணைக்கு வந்தார். 1778-ல் பதினாறாம் லூயி அரசரின் அவை அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. சாகக் கிடந்த வோல்தேருக்கு அந்தச் செய்தி எட்டியது. ஆனால் மறுவிசாரணை நீதிமன்றங்களில் இழுத்தது. முழுமையான நிரபராதி என்று பிரெஞ்சு நீதிபதிகள் கடைசிவரை சொல்லவே இல்லை. 1830-ல் இறக்கும்போது அந்த மகனின் பெயர் த்ரோஃபீம் ஜெரார்டு தெ லாலி-தொலாந்தால். தாத்தா பெயர், குடும்பப் பெயர், பூர்வீக ஊர் மூன்றும் அதில் இருந்தன.

ஜெயித்த கூட், ஹைதர் அலியோடும் போரிட்டு 1783-ல் சென்னையில் இறந்தார். சிப்பாய்கள் அவரைக் 'கூட் பகதூர்' என்று கூப்பிட்டார்கள்.

அடுத்த முறை திண்டிவனத்தில் வந்தவாசி பஸ் ஏறினால், ஜன்னலோரம் உட்காருங்கள். கால்வேயில் தொடங்கிய ஒரு குடும்பச் சண்டை முடிந்தது அந்த ரோட்டின் மறுமுனையில்தான்.

பாஸ்போர்ட்டில் 'சர்நேம்' கட்டத்தில் அப்பா பெயர் எழுதியது பற்றி வருத்தப்பட ஒன்றுமில்லை. 'ஓ' என்பதும் 'மேக்' என்பதும் முதன்முதலில் செய்தது அதைத்தான்.