பரணிலிருந்து இறங்கிய ஹார்னெட்

ஜப்பானின் ஷிசுவோகா நகரத்து டமியா நிறுவனம் 1984இல் ஹார்னெட் என்ற பெயரில் ஒரு பெட்டியை விற்பனைக்கு விட்டது. திறந்தால் பைபையாக உதிரிகள்: திருகாணிகள், பல்சக்கரங்கள், ஸ்பிரிங்குகள், ஒரு மோட்டார், நான்கு டயர்கள், வர்ணம் பூசப்படாத கண்ணாடி போன்ற மேலுடல், படம்படமாக விளக்கும் ஒரு கையேடு. வாங்கியவரே பூட்டிக்கொள்ள வேண்டும். பூட்டி முடித்தால், அசலில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள பந்தயக் கார் கையில் இருக்கும். புழுதியிலும் புல்லிலும் ஓடும், ரேடியோ அலையால் இயங்கும்.

ஜப்பான், பிரிட்டன், அமெரிக்கா, ஆஸ்திரேலியா எங்கும் அந்தக் காலத்துச் சிறுவர்கள் இதை மாதக்கணக்கில் காசு சேர்த்து வாங்கினார்கள். பிறகு படிப்பு, வேலை, குடும்பம் என்று வாழ்க்கை இழுத்துக்கொண்டு போனது. பெட்டி பரணுக்குப் போனது. இன்று ஐம்பதைத் தொட்ட அவர்களில் பலர் அதைக் கீழே இறக்கித் தூசி தட்டுகிறார்கள். பழைய கார்களைப் புதுப்பித்து ஓட்டுவது இன்று உலகமெங்கும் பரவிய பொழுதுபோக்கு. அதைக் குழந்தைத்தனம் என்று ஒதுக்குபவர்கள் அந்தச் சிறிய சேஸிஸுக்குள் எவ்வளவு இயற்பியலும் வேதியியலும் இருக்கின்றன என்று பார்த்ததில்லை.

டமியாவின் கதை மரத்தில் தொடங்குகிறது. யோஷியோ டமியா 1946இல் தொடங்கியது மர அறுவை நிறுவனம். அது மர மாதிரிகள் செய்து, பின்பு பிளாஸ்டிக் மாதிரிகளுக்கு வந்தது. அவர் மகன் ஷுன்சாகு டமியா, போர்ஷே காரின் மாதிரியைத் துல்லியமாகச் செய்வதற்காக உண்மையான போர்ஷே 911 ஒன்றையே விலைக்கு வாங்கிக் கழற்றிப் பார்த்தவர். அந்தச் செலவை ஈடுகட்டும் வழிகளில் ஒன்றாக, அதே மாதிரிக்குள் மோட்டாரும் ரேடியோவும் வைத்தார்கள். 1976இல் வந்த போர்ஷே 934தான் டமியாவின் முதல் ரேடியோ கார். அது சமதரையில் மட்டும் ஓடக்கூடியது. 1979இல் ரஃப் ரைடரும் சாண்ட் ஸ்கார்ச்சரும் வந்தபோது கார் மண்ணில் இறங்கியது. 1983இல் ஃப்ராக், 1984இல் கிராஸ்ஹாப்பரும் ஹார்னெட்டும். அதே 1984இல் அமெரிக்காவின் டீம் அசோசியேட்டட் நிறுவனம், பந்தயத்தையே குறியாகக் கொண்ட ஆர்.சி.10 காரை அலுமினியச் சேஸிஸுடன் கொண்டுவந்தது. ஆர்.சி.10 வெல்லப் பிறந்த கார். ஹார்னெட் அடிபட்டாலும் ஓடப் பிறந்த கார். கற்றுக்கொள்ள நினைப்பவருக்கு நான் ஹார்னெட்டையே சொல்வேன்.

அதன் பின்பக்கத்தைப் பாருங்கள். மோட்டாரும் கியர்பெட்டியும் பின்சக்கரங்களின் அச்சும் ஒரே கட்டாகச் சேர்ந்திருக்கின்றன. அந்தக் கட்டு முழுவதும் முன்முனையில் கீல் போட்டதுபோல் மேலும் கீழும் ஆடுகிறது. பின்னால் இரண்டு எண்ணெய் ஷாக் அப்சார்பர்கள் அதைத் தாங்குகின்றன. சஸ்பென்ஷனில் ஓர் அடிப்படை விதி உண்டு: சக்கரத்தோடு சேர்ந்து குதிக்கும் எடை எவ்வளவு குறைவோ, அவ்வளவு நன்றாக டயர் தரையைப் பற்றும். ஹார்னெட்டில் மோட்டாரே சக்கரத்தோடு குதிக்கிறது. அதனால்தான் மேடு பள்ளத்தில் அது தத்தித் தத்தி ஓடுகிறது. பந்தயக்காரருக்கு இது குறை. ஆனால் உறுப்புகள் குறைந்தன, விலை குறைந்தது, உடையக்கூடியதும் குறைந்தது. அந்தத் தத்தலைப் பார்த்தே தூரத்திலிருந்து ஹார்னெட் என்று சொல்லிவிடலாம்.

மோட்டார் 540 வகை, 7.2 வோல்ட் மின்கலத்தில் இயங்குவது. வீட்டு மிக்ஸியில் தேய்ந்து மாற்றுகிறோமே, அதே கார்பன் பிரஷ்தான் இதிலும். பிரஷ் வழியாகச் செல்லும் மின்சாரம் சுருளைக் காந்தமாக்குகிறது; சுற்றியிருக்கும் நிலைக்காந்தங்கள் அதைத் தள்ளுகின்றன; கம்யூட்டேட்டர் என்னும் செப்பு வளையம் சரியான நொடியில் மின்னோட்டத்தைத் திருப்பிவிடுகிறது. வேகத்தைக் கட்டுப்படுத்தியது அன்றைய விசித்திரம். ஒரு சிறு சர்வோ மோட்டார், செப்புத் தொடர்பு ஒன்றை மின்தகடுகளின் மேல் நகர்த்தும். குறைந்த வேகம் வேண்டுமென்றால் மின்சாரம் ஒரு பீங்கான் மின்தடை வழியாகப் போகும்; மிச்ச ஆற்றல் வெறும் வெப்பமாக வீணாகும். மெதுவாக ஓட்டினாலும் பேட்டரி தீர்ந்தது அதனால்தான். ஓடி முடித்ததும் அந்தத் தடையைத் தொட்டு விரலைச் சுட்டுக்கொண்ட தலைமுறை அது. இன்றைய மின்னணு வேகக் கட்டுப்படுத்தி, மின்சாரத்தை நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை திறந்து மூடியே வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது. வீணாவது மிகக் குறைவு.

ரேடியோவும் அன்று வேறு. 27 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஆறு தடங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு படிகம், ஒரு நிறம். பழுப்பு, சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம். மைதானத்தில் இருவர் ஒரே நிறத்தை வைத்திருந்தால் ஒருவர் திருப்ப மற்றவர் கார் வேலியில் போய் முட்டும். இன்றைய 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவிகளில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் சக்கரத்தைத் திருப்பும் சர்வோவுக்குப் போகும் கட்டளை மாறவில்லை: ஏறத்தாழ ஒன்றிலிருந்து இரண்டு மில்லிநொடி நீளமுள்ள துடிப்பு, ஒன்றரை என்றால் சக்கரம் நேராக நிற்கும். ஆகவே நாற்பது வயது சர்வோவைப் புது ரிசீவரோடு இணைத்து ஓட்டலாம். சில பழைய செட்டுகளில் பிளக்கின் கம்பி வரிசை மாறியிருக்கும். அதை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இனிப் புதுப்பிக்கும் வேலை. முதலில் செய்ய வேண்டியது பேட்டரியைத் தேடுவது. பழைய நிக்கல் காட்மியம் மின்கலமோ, டிரான்ஸ்மிட்டருக்குள் மறந்துபோன ஆல்கலைன் பென்டார்ச் செல்களோ கசிந்திருந்தால், தொடர்புகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ படிந்திருக்கும். கசிந்தது பொட்டாசியம் ஹைட்ராக்ஸைடு என்னும் காரம். கையுறையும் கண்ணாடியும் அணிந்து, பஞ்சில் வினிகர் தொட்டுத் துடைத்தால் காரம் சமனாகும். காட்மியம் நஞ்சு; அந்த மின்கலத்தைக் குப்பையில் போடாமல் மின்கழிவு வாங்குமிடத்தில் கொடுங்கள்.

அடுத்து திருப்புளி. ஜப்பானியத் திருகாணியின் சிலுவைப் பள்ளம், நாம் வழக்கமாக வாங்கும் நட்சத்திரத் திருப்புளிக்குச் சரியாகப் பொருந்தாது. அழுத்தித் திருகினால் முனை மேலேறி நழுவிப் பள்ளத்தையே வழித்துவிடும். ஜப்பானியத் தரத்துத் திருப்புளி ஒன்று வாங்குவது இந்த வேலையின் முதல் முதலீடு. திரும்பப் பூட்டும்போது, திருகாணியை முதலில் இடப்பக்கமாக மெல்லச் சுற்றுங்கள். பழைய மரைக்குள் அது சட்டென்று இறங்குவது விரலுக்குத் தெரியும். அதன் பிறகு வலப்பக்கம் முறுக்கினால் பிளாஸ்டிக்கில் புது மரை வெட்டாமல் பழைய தடத்திலேயே போகும். எனக்கு மிகவும் பிடித்த கைப்பழக்கம் இது.

ஒவ்வொரு பிளாஸ்டிக்குக்கும் ஒவ்வொரு குணம். நைலான் உறுப்புகள் ஈரத்தை உறிஞ்சி வைத்திருப்பவை. அந்த ஈரம்தான் அவற்றை வளையச் செய்கிறது. வருடக்கணக்கில் காய்ந்த நைலான் மொறுமொறுவென்று உடையும். சுடுநீரில் சில மணிநேரம் ஊறவிட்டால் பழைய நெகிழ்ச்சி பெருமளவு திரும்பிவிடும். பாலிகார்பனேட் மேலுடல் அடியைத் தாங்கும், ரசாயனத்தைத் தாங்காது. பெட்ரோல், பிரேக் கிளீனர், திருகாணிப் பசை எது பட்டாலும் மயிரிழை விரிசல் விழும். சோப்புத் தண்ணீர் ஒன்றே போதும். இதற்கு வர்ணத்தை உட்பக்கமாகப் பூச வேண்டும். அதற்கென்று விற்கும் வர்ணமே ஒட்டும். கண்ணுக்குத் தெரிவது மேலே உள்ள பளபளப்பான பிளாஸ்டிக் என்பதால், கார் கற்களில் உரசினாலும் வர்ணம் கீறுவதில்லை.

கியர்பெட்டியைத் திறந்து பழைய கிரீஸை வழித்தெடுத்துவிட்டு, அச்சுகள் சுழலும் பிளாஸ்டிக் புஷ்களைக் கழற்றி, 11 மி.மீ. வெளிவிட்டமும் 5 மி.மீ. உள்விட்டமும் கொண்ட பால் பேரிங்குகளைப் போடுங்கள். புதுப்பிப்பில் செலவுக்கு மிகுந்த பலன் தருவது இதுதான். புழுதி புகுந்த புஷ் அச்சையே அரித்துவிடும். மூடிய பேரிங் அதைக் காக்கும், கார் கூடுதல் நேரம் ஓடும்.

ஓட்டும்போது ஓர் எச்சரிக்கை. லித்தியம் பாலிமர் பேட்டரி இலகுவானது, வலுவானது. ஆனால் ஒரு செல்லின் மின்னழுத்தம் 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் அது கெடும். கெட்டதை மறுபடி சார்ஜ் செய்தால் தீப்பிடிக்கவும் கூடும். பழைய இயந்திர வேகக் கட்டுப்படுத்திக்கு அழுத்தம் குறைந்ததும் நிறுத்தத் தெரியாது. எனவே அசல் கட்டுப்படுத்தியோடு ஓட்ட நினைப்பவர்கள் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரியோடு நின்றுகொள்வது நல்லது. அதிவேக பிரஷ் இல்லா மோட்டாரைப் பொருத்தும் ஆசையையும் அடக்குங்கள். ஹார்னெட்டின் பல்சக்கரங்கள் 540க்கு என்று வார்த்தவை.

உதிரிகளுக்கு அலைய வேண்டிய காலம் போய்விட்டது. டமியா 2004இல் ஹார்னெட்டை மறுவெளியீடு செய்தது. கிராஸ்ஹாப்பர், ஃப்ராக், சாண்ட் ஸ்கார்ச்சர் என்று அடுத்தடுத்து வந்தன. கியோஷோ நிறுவனமும் தன் ஸ்கார்ப்பியன், ஆப்டிமா கார்களைத் திரும்பக் கொண்டுவந்தது. மறுவெளியீட்டு உறுப்புகள் பெரும்பாலும் பழைய காரில் அப்படியே பொருந்துகின்றன. சேகரிப்பாளர் சிலர் இதனால் பழையதன் மதிப்பு குறைந்துவிட்டதாக வருந்துவதுண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. உதிரி கிடைக்கும் கார்தான் ஓடும். ஓடாத கார் பிளாஸ்டிக் பொம்மை.

ஆகவே பரணில் பெட்டி வைத்திருப்பவர்களுக்கு என் யோசனை: சிறு வயதில் நீங்கள் வர்ணம் பூசிய மேலுடலைப் பத்திரமாகக் கழற்றி எடுத்து வையுங்கள், அது திரும்பக் கிடைக்காது. அதே சேஸிஸின் மேல் மறுவெளியீட்டு மேலுடல் ஒன்றைப் பூட்டி, மண்தரையில் இறக்கி ஓட்டுங்கள். முடிந்தால் பக்கத்து வீட்டுச் சிறுவனிடம் திருப்புளியைக் கொடுத்துப் பூட்டச் சொல்லுங்கள்.