விழுந்து விழுந்து ஒரு விளையாட்டு!

ராஜகிரி ஏறியிருக்கிறீர்களா? செஞ்சியிலேயே இருப்பவர்களில் பல பேர் ஏறியதில்லை. "பக்கத்துலதானே இருக்கு, எப்ப வேணா ஏறிக்கலாம்" என்று சொல்லியே காலம் ஓடிவிடும். ஏறியவர்களுக்குத் தெரியும். சுமார் 800 அடி உயரம். கமலக்கண்ணி அம்மன் கோயிலையும் தாண்டி, மூச்சு வாங்க மேலே போனால், உச்சிக்குச் சற்று முன்னால் பாறை இரண்டாகப் பிளந்து கிடக்கும். 24 அடி அகலம், 60 அடி ஆழம் என்று கணக்குச் சொல்வார்கள். நடுவில் ஒரு பாலம். அந்தக் காலத்தில் அது இழுத்துக்கொள்ளும் மரப்பாலம். எதிரி வந்தால் பாலத்தை எடுத்துவிட்டால் தீர்ந்தது, எவ்வளவு பெரிய படையும் இந்தப் பக்கமே நிற்க வேண்டியதுதான். 1690 முதல் 1698 வரை முகலாயப் படை இந்தக் கோட்டையைப் பிடிக்கப் பாடாய்ப் பட்டது சும்மாவா?

இப்போது அந்தப் பாலத்தை எடுத்துவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். கையில் ஒரு சுண்டுவிரல் அளவு பொம்மையைக் கொடுத்து, "இதைத் தாண்ட வை" என்கிறார்கள். தாண்டாவிட்டால் பொம்மை பள்ளத்தில் விழும். மறுபடி, மறுபடி, மறுபடி. லீவு நாளில் உங்கள் பிள்ளை டி.வி. முன்னால் உட்கார்ந்து "டொய்ங், டொய்ங்" என்று சத்தம் வர ஆடிக்கொண்டிருக்கிறானே, அது இதுதான்.

எட்டிப் பார்க்கும் அம்மாவுக்கு முதலில் வருவது ஆச்சரியம். "ஏண்டா, இது நான் சின்னப் பிள்ளையில ஆடின டி.வி. கேம் மாதிரியே இருக்கே! கட்டம் கட்டமா, கோலப் புள்ளி மாதிரி மூஞ்சி?" "இல்லம்மா, இது புதுசு. பழசு மாதிரியே செஞ்சிருக்காங்க." புதுப் புடவையைப் பழைய டிசைனில் நெய்வதுபோல என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

இந்த வகைக்கு 'பிளாட்ஃபார்ம் கேம்' என்று பெயர். ரயில் இல்லாத ஊர்க்காரர்களான நமக்குப் பிளாட்பாரம் என்றால் திண்டிவனம் ஸ்டேஷன்தான் நினைவுக்கு வரும். இங்கே அதற்கு அர்த்தம் மேடை, திண்ணை, படி. ஒரு திண்ணையிலிருந்து இன்னொரு திண்ணைக்குத் தாவ வேண்டும். 1981-ல் ஜப்பானின் நின்டெண்டோ கம்பெனிக்காக ஷிகேரு மியாமோட்டோ என்பவர் உருவாக்கிய 'டாங்கி காங்' விளையாட்டில், உருண்டு வரும் பீப்பாய்களைத் தாண்டிக்கொண்டே மேலே ஏறும் ஒரு குள்ள மனிதன் வந்தான். அவன்தான் பிறகு மரியோ ஆனான். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டரில் ஒரு முகத்துக்குக் கிடைத்ததே சில புள்ளிகள்தாம். வாய் வரைய இடம் போதாததால் மீசை, தலைமுடி வரைவது கஷ்டம் என்பதால் தொப்பி! 1985-ல் வந்த 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்' உலகத்தையே தாவ வைத்தது.

இன்று முப்பத்தைந்து, நாற்பது வயதில் இருக்கும் வாசகிகளுக்கு இதையெல்லாம் நான் சொல்லித் தர வேண்டியதில்லை. மஞ்சள் கேசட்டை எடுத்து 'உஃப் உஃப்' என்று ஊதிப் போட்டவர்கள்தானே நீங்கள்? (ஊதியதால் ஒரு பயனும் இல்லை என்பது வேறு கதை. கழற்றி மாட்டியதில்தான் அது வேலை செய்தது. வாய் ஈரம் பட்டு உள்ளேயிருந்த உலோகம் கெட்டதுதான் மிச்சம்.)

அந்தப் பழைய விளையாட்டுகள் ஏன் அவ்வளவு கஷ்டமாக இருந்தன தெரியுமா? முதலில் இவை கடைகளில் காசு போட்டு ஆடும் பெட்டிகளில் வந்தன. சீக்கிரம் தோற்றால்தானே அடுத்த காசு விழும்! வீட்டுக்கு வந்த பிறகு இன்னொரு காரணம். மரியோ கேசட் முழுவதும் சேர்ந்தே 40 கிலோபைட்தான். இன்றைக்குச் செல்போனில் எடுக்கும் ஒரு போட்டோவுக்கே அதைப்போலப் பல மடங்கு இடம் வேண்டும். அவ்வளவு சின்ன சரக்கைப் பல மாதம் ஓட்ட வேண்டுமானால் கஷ்டமாக்குவதுதான் வழி. மூன்று உயிர் போனால், போ ஆரம்பத்துக்கு!

இப்போது வருகிற புது ரகத்தை 'இண்டி' என்கிறார்கள். பெரிய கம்பெனி, கோடிக்கணக்கில் முதலீடு என்று எதுவும் இல்லாமல், ஒருவரோ இருவரோ வீட்டில் உட்கார்ந்து செய்வது. ஜப்பானில் டாய்சுகே அமாயா என்பவர் ஓய்வு நேரத்திலேயே ஐந்து வருஷம் உழைத்து, படம், பாட்டு, கதை எல்லாம் தானே செய்து 2004-ல் 'கேவ் ஸ்டோரி' என்ற விளையாட்டை இலவசமாகவே வெளியிட்டார். ராத்திரி பிள்ளைகள் தூங்கிய பிறகு உட்கார்ந்து பூ வேலை செய்கிற பெண்களுக்கு அந்த மனசு புரியும்.

இந்தப் புது ஆட்கள் பழைய தோற்றத்தை வைத்துக்கொண்டார்கள், பழைய கருமித்தனத்தைத் தூக்கிப் போட்டார்கள். விழுந்தால் ஆரம்பத்துக்குப் போக வேண்டாம். விழுந்த இடத்துக்குப் பக்கத்திலேயே, கண் இமைப்பதற்குள் பொம்மை எழுந்து நிற்கும். 2010-ல் வந்த 'சூப்பர் மீட் பாய்' (பெயரைக் கேட்டு மூக்கைச் சுளிக்காதீர்கள், ஒரு சின்னச் சிவப்புச் சதுரம், அவ்வளவுதான்) என்பதில் ஒரு வேடிக்கை. எழுபது தடவை விழுந்து எழுபத்தோராவது தடவை தாண்டினால், கடைசியாகச் செய்த பல முயற்சிகளை ஒரே நேரத்தில் திரையில் ஓடவிட்டுக் காட்டும். ஒரு மந்தையே ஓடி, ஒவ்வொன்றாக விழுந்து, கடைசியில் ஒன்றே ஒன்று போய்ச் சேரும். என் அபிப்பிராயத்தில், தோல்வியை இவ்வளவு சிரிப்பாகக் காட்டிய விளையாட்டு வேறு இல்லை.

சரி, இவ்வளவு தயவாக இருந்தும் பிள்ளை ஏன் கன்ட்ரோலரை வீசி எறிகிறான்? ஏன் அழுகிறான்?

வைகுண்ட ஏகாதசி ராத்திரி பரமபதம் ஆடுவோம். பெரிய பாம்பு கொத்திக் கீழே வந்தாலும் சிரித்துக்கொண்டே மறுபடி தாயம் போடுவோம். ஏனென்றால் குற்றம் நம்முடையது இல்லை, தாயக்கட்டையுடையது. இந்தத் தாவும் விளையாட்டில் தாயக்கட்டை கிடையாது. ஒவ்வொரு தடவையும் விழுவது தன் கட்டை விரல் செய்த தப்பால்தான் என்று பிள்ளைக்குத் தெரிகிறது. கோபம் விளையாட்டின் மேல் இல்லை, தன் மேல். "ஒரு கேமுக்குப் போய் அழறியே" என்று நாம் சொல்லும்போது அவனுக்கு இன்னும் பொத்துக்கொண்டு வருவது அதனால்தான்.

இதில் அம்மாக்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு விஷயம் உண்டு. "நான் அழுத்தினேம்மா, அதுதான் குதிக்கலை!" என்று பிள்ளை கத்தினால், சாக்கு என்று நினைத்துவிடாதீர்கள். அவன் சொல்வது நிஜமாக இருக்கலாம். இன்றைய பெரிய டி.வி.க்கள் படத்தை அழகாக்கிவிட்டுத்தான் காட்டுகின்றன. அந்த ஒப்பனைக்கே சில சமயம் பத்தில் ஒரு நொடி பிடிக்கும். சினிமா பார்க்க இது தெரியாது. ஆனால் தாவும் விளையாட்டில் பத்தில் ஒரு நொடி என்பது பெரிய பள்ளம். நல்ல விளையாட்டுகளில், மேடையின் ஓரத்தைத் தாண்டிக் கால் காற்றில் வந்த பிறகும் ஒரு கணம் குதிக்க அனுமதி இருக்கும், நமக்குச் சொல்லாமலே. 'செலஸ்ட்' என்ற விளையாட்டில் அந்தக் கணம் சரியாகப் பத்தில் ஒரு நொடி. செய்தவர் ரகசியமாகக் கொடுத்த தயவை டி.வி. விழுங்கிவிடுகிறது! டி.வி. ரிமோட்டில் செட்டிங் பகுதிக்குப் போய், படத்துக்கான பகுதியில் 'கேம் மோட்' என்று இருக்கிறதா பாருங்கள். அதைப் போட்டுவிட்டால் ஒப்பனை குறைந்து வேகம் கூடும். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் ஒரு மாசச் சண்டை இதனால் தீர்ந்தது.

செலஸ்ட் என்றேனே, அதைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல ஆசை. 2018 ஜனவரியில் வந்தது. மேட்லின் என்று ஒரு பெண். மனசில் பயமும் பதற்றமும் உள்ள பெண். ஏனோ ஒரு மலை உச்சிக்கு ஏறியே தீருவது என்று கிளம்புகிறாள். நடுவழியில், கம்பியில் தொங்கும் வண்டி அந்தரத்தில் நின்றுவிட, அவளுக்கு நெஞ்சு படபடத்து மூச்சு முட்டுகிறது. கூட வந்த பையன் சொல்கிறான்: கண்ணை மூடிக்கொள், முன்னால் ஒரு இறகு மிதப்பதாக நினை, உன் மூச்சால் அதைக் கீழே விழாமல் வைத்துக்கொள். உடனே திரையில் இறகு வருகிறது. ஆடுகிறவர் பட்டனை மெதுவாக அழுத்தி, விட்டு, அழுத்தி, விட்டு அதை மிதக்க வைக்க வேண்டும். மெதுவாக மூச்சு இழுத்து மெதுவாக விடுவது படபடப்பைத் தணிக்கும் என்பது டாக்டர்களும் சொல்வதுதான். பரீட்சைக்கு முந்தின ராத்திரி தவிக்கும் பெண் பிள்ளைக்கு இதை நாம் அறிவுரையாகச் சொன்னால் கேட்குமா? விளையாட்டு சொன்னால் கேட்கிறது.

இதே விளையாட்டில் 'அசிஸ்ட் மோட்' என்று ஒரு வசதி. முடியவில்லையா, வேகத்தைப் பாதி வரை குறைத்துக்கொள்ளலாம். களைப்பே வராமல் ஏறலாம். அடி படாமலே போகலாம். சில பிள்ளைகள் இதைக் கௌரவக் குறைச்சலாக நினைப்பார்கள். சைக்கிள் பழகும்போது பக்கத்தில் சின்னச் சக்கரம் மாட்டினோமே, அதுபோல என்று சொல்லுங்கள். உங்களுக்கும் அதுதான் உதவும். ஒரு அரை மணி பிள்ளையோடு உட்கார்ந்து ஆடிப் பாருங்கள். நீங்கள் முதல் பள்ளத்திலேயே பதினைந்து தடவை விழும்போது அவன் உங்களுக்குக் கற்றுத் தருவானே, அந்தப் பொறுமையை வீட்டுப் பாடத்தில் நீங்கள் பார்த்திருக்கவே மாட்டீர்கள்.

எல்லா விளையாட்டும் இப்படித் தயவானது என்று நினைக்க வேண்டாம். 2017-ல் பென்னட் ஃபோடி என்பவர் ஒன்று செய்தார். ஒரு மனிதன் இடுப்பு வரை அண்டாவுக்குள் உட்கார்ந்திருக்கிறான். கையில் ஒரு சம்மட்டி. அதைப் பாறையில் ஊன்றி ஊன்றி மலை ஏற வேண்டும். கை ஒரு தடவை பிசகினால், மூன்று மணி நேரம் ஏறியது அத்தனையும் போய் அடிவாரத்தில் கிடப்பான். பரமபதத்தின் பெரிய பாம்பே பரவாயில்லை! வேண்டுமென்றே மனிதரை வெறுப்பேற்றச் செய்தது என்று அவரே சொல்லித்தான் கொடுக்கிறார். பெரியவர்கள் ஆடிக்கொள்ளட்டும். சட்டென்று கோபம் வரும் குழந்தை கையில் நான் கொடுக்க மாட்டேன்.

ஆட்டத்தை நிறுத்துவது எப்படி? "அஞ்சு நிமிஷத்துல நிறுத்து" என்றால் நடுப்பள்ளத்தில் நிறுத்த வேண்டி வரும், அங்கேதான் சண்டை ஆரம்பம். "இந்த இடத்தை முடிச்சிட்டு நிறுத்து" என்றால் அது இரண்டு மணி நேரம் இழுக்கலாம். "இன்னும் பத்துத் தடவை விழலாம், அப்புறம் சாப்பாடு" என்று விழுகிற கணக்கில் சொல்லிப் பாருங்கள். பிள்ளை தானே எண்ணுவான். படுக்கப் போகும் முன் மட்டும் வேண்டாம். படபடப்பு அடங்கித் தூக்கம் வர நேரமாகும்.

உடம்பு விஷயம். கட்டை விரலுக்குக் கீழே, மணிக்கட்டின் ஓரத்தில் வலி என்றால் கவனியுங்கள். கைக்குழந்தையை அக்குளில் கை கொடுத்துத் தூக்கித் தூக்கி இளம் தாய்மார்களுக்கு வருமே, அதே தசைநாண் உறை வீக்கம்தான். ஓய்வும், தேவையானால் டாக்டரும் வேண்டும். கண்ணுக்கு, இருபது நிமிஷத்துக்கு ஒரு முறை இருபது அடி தூரத்தில் உள்ளதை இருபது நொடி பார்க்கச் சொல்லுங்கள். செஞ்சியில் அதற்குக் குறைவா, ஜன்னலைத் திறந்தால் மலை. இரண்டு வயதுக்குள் குழந்தைக்குத் திரையே கூடாது, இரண்டு முதல் நான்கு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணிக்கு மேல் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது. அண்ணன் ஆடும்போது மடியில் உட்கார்ந்து பார்க்கும் குட்டிக்கும் அது பொருந்தும்.

பெரிய பிள்ளை சாப்பாடு, படிப்பு, சிநேகிதர்கள் எல்லாவற்றையும் விட்டு, நிறுத்த நினைத்தும் முடியாமல், மாதக்கணக்காக ஆட்டமே கதி என்று கிடந்தால் அது கோபித்துத் திருத்துகிற விஷயம் அல்ல. பெங்களூர் நிம்ஹான்ஸில் இதற்கென்றே 2014 முதல் தனிச் சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. அவ்வளவு தூரம் போவதற்கு முன், பக்கத்து அரசு மருத்துவமனையின் மனநல டாக்டரையே முதலில் பார்க்கலாம்.

கடைசியாகக் காசு. இந்த இண்டி விளையாட்டுகளில் பெரும்பாலானவை ஒரு தடவை விலை கொடுத்து வாங்குவதோடு சரி. நடுவில் விளம்பரம் வராது, "இன்னும் மூன்று உயிர் வேண்டுமா, பணம் கட்டு" என்று கேட்காது. செல்போனில் சும்மா கிடைக்கும் பல விளையாட்டுகள்தான் அப்படிக் கேட்கும். 'இலவசம்' என்று போட்டிருப்பதை நம்பிப் பிள்ளை கையில் போனைக் கொடுக்குமுன், அதில் உங்கள் பாங்க் கணக்கு இணைந்திருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.