மண் பிறக்காத மலைகள்

தங்கம் எடுத்தபின் மிஞ்சிய கழிவுக் குன்றுகளில் இன்னும் பச்சை ஏறவில்லை. இப்போது அவற்றை மீண்டும் தோண்டத் திட்டம். அதற்குப் பிறகு அங்கே என்ன முளைக்கும்?

விடியும் முன்பே மாரிக்குப்பம் ரயில் நிலையம் விழித்துவிடுகிறது. பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் பெட்டிகளில் இடம் பிடிக்கிறார்கள். இவர்களில் பலருடைய தாத்தாக்கள் வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூரிலிருந்தும் வந்து கோலார் தங்கவயலின் சுரங்கங்களில் இறங்கியவர்கள். சுரங்கம் 2001ல் மூடப்பட்டது. வேலை போய்விட்டது, மலைகள் மட்டும் நிற்கின்றன.

ஊர்க்காரர்கள் இவற்றை சயனைடு மலைகள் என்கிறார்கள். இயற்கை படைத்த மலைகள் இல்லை இவை. பாறையை மாவாக அரைத்து, 1887ல் கண்டுபிடிக்கப்பட்ட சயனைடு முறையில் தங்கத்தைக் கரைத்து எடுத்தபின் கொட்டிய சக்கை. 1880ல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் கால் வைத்ததிலிருந்து 120 ஆண்டுகளில் இங்கிருந்து எடுக்கப்பட்ட தங்கம் சுமார் 800 டன். மிஞ்சிய கழிவு 13 குவியல்களில் சுமார் 3.3 கோடி டன். காற்றுக் காலத்தில் இந்த வெளுத்த தூசு சுரங்கத் தொழிலாளர்களின் 'லைன்' வீடுகளுக்குள் வந்து சோற்றிலும் துணியிலும் படிகிறது. செடி மூடியிருந்தால் இந்தத் தூசு கிளம்பாது. ஏன் மூடவில்லை?

வெறுமையிலிருந்து தொடக்கம்

வெட்டிய காடு மீண்டும் முளைப்பதற்கும் வெறும் பாறையில் காடு தோன்றுவதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. காட்டை வெட்டினாலும் மண் இருக்கிறது, மண்ணுக்குள் விதையும் வேரும் இருக்கின்றன. சில மழைக்காலங்களில் புல், புதர், மரம் என்று வரிசையாகத் திரும்பிவிடும். வெறும் பாறையிலோ எரிமலைச் சாம்பலிலோ முதலில் மண்ணே உருவாக வேண்டும். பாசியும் பாறைப்பூவும் ஒட்டிக்கொண்டு, மடிந்து, மட்கி, அடுத்து வரும் செடிக்குப் படுக்கை போட்டுக் கொடுக்க வேண்டும். ஒரு கூட்டம் இடத்தைப் பக்குவப்படுத்த, அடுத்த கூட்டம் வந்து அதையே விரட்டிவிடுகிறது.

இதற்கு உலகம் காட்டும் உதாரணம் இந்தோனேசியாவின் கிரகடோவா. 1883ல் எரிமலை வெடித்து அந்தத் தீவைச் சாம்பலால் மூடியது. அடுத்த ஆண்டு அங்கே போனவர்கள் கண்ட ஒரே உயிர், ஒரு சின்னஞ்சிறு சிலந்தி. ஐம்பது ஆண்டுகளுக்குள் காடு மூடிக்கொண்டது.

கிரகடோவாவுக்கு வாய்த்தது தங்கவயலுக்கு ஏன் வாய்க்கவில்லை? முதல் காரணம் மழை. அங்கே ஆண்டு முழுவதும் கொட்டுகிறது. கோலார் பகுதியில் ஆண்டுக்குச் சுமார் 700 மில்லிமீட்டர்தான், அதுவும் சில மாதங்களில். இரண்டாவது காரணம் குவியலின் தன்மை. சயனைடு வெயிலிலும் காற்றிலும் மெல்லச் சிதைந்துவிடும். ஆனால் பொடித்த கல்லில் மட்கு இல்லை, செடிக்கு வேண்டிய நைட்ரஜனும் இல்லை. மேற்பரப்பு நிலையாக இருப்பதுமில்லை. மழை வந்தால் ஓடை ஓடையாக அரித்துச் செல்கிறது, காற்று வந்தால் பறக்கிறது. விதை விழுந்தாலும் தங்க இடமில்லை.

எது இந்த மண்ணின் பச்சை?

பச்சையாக்குவது என்றால் உடனே காடுதான் நினைவுக்கு வருகிறது. இங்கேதான் கவனம் வேண்டும். ஒரு நிலத்தில் கடைசியில் எது நிலைக்கும் என்பதைப் பெருமளவு தீர்மானிப்பவை வெப்பமும் மழையும். வடதுருவத்தை ஒட்டிய தூந்திரம், ஊசியிலைக் காடு, பாலை, புல்வெளி, மழைக்காடு என்று உலகின் பெரும் உயிர்ச்சூழல் மண்டலங்கள் எல்லாம் இந்தக் கணக்கில்தான் பிரிகின்றன. அமெரிக்க அறிவியலாளர் விட்டேக்கர் 1975ல் இவற்றை ஒரே வரைபடத்தில் அடக்கிக் காட்டினார். வெப்பமும் குறைந்த மழையும் கொண்ட கோலார், அதில் முட்புதர்க் காட்டுக்கும் சவானா புல்வெளிக்கும் நடுவில்தான் விழும். ஆவாரை, விராலி, களா, சூரை, இவற்றுக்கிடையே புல்: இதுதான் இந்த நிலத்தின் இயல்பு.

மேய்ச்சலும் நெருப்பும் இந்தக் கணக்கை இன்னும் சிக்கலாக்குகின்றன. ஆசியாவின் சவானாக்கள் 'சீரழிந்த காடுகள்' என்று தவறாக முத்திரை குத்தப்படுகின்றன என பெங்களூரின் தேசிய உயிரியல் ஆய்வு மையத்தைச் சேர்ந்த ஜெயஸ்ரீ ரத்னம், மகேஷ் சங்கரன் போன்றோர் வாதிட்டு வருகிறார்கள். முத்திரை தவறினால் மருந்தும் தவறும். கோலார் மாவட்டம் இதை யூக்கலிப்டஸ் மரத்தில் பார்த்துவிட்டது. வேகமாக வளர்கிறது என்று ஏராளமாக நடப்பட்ட அந்த மரம் நிலத்தடி நீரை உறிஞ்சுகிறது என்ற புகார் வலுத்து, 2017ல் மாநில அரசு புதிதாக நடுவதற்கே தடை போட்டது. வறண்ட தரிசுகளை வளைத்துக்கொள்ளும் சீமைக்கருவேலமும் பச்சைதான். ஆனால் அது வந்த இடத்தில் அடுத்த கூட்டத்துக்கு எளிதில் வழி விடுவதில்லை.

வழி இல்லாமல் இல்லை. 1968ல் புதுச்சேரி அருகே ஆரோவில் தொடங்கியபோது அது அரித்துப்போன செம்மண் மேடு. முதலில் மழைநீரை வரப்பு கட்டி நிறுத்தினார்கள். வேகமாக வளரும் ஆஸ்திரேலிய வேலமரங்களை நிழலுக்காக நட்டார்கள். பிறகு அந்த நிழலில் காசான், பாலை போன்ற அந்தக் கடலோரத்துக்கே உரிய மரங்களை வளர்த்தார்கள். நூற்றாண்டுகள் பிடிக்கும் வரிசையை மனிதக் கை சில பத்தாண்டுகளில் சுருக்கியது. ஆரோவிலில் மழை கூடுதல், செம்மண்ணும் இருந்தது. தங்கவயலில் மேல்மண்ணைக் கொண்டுவந்து பரப்பி, சரிவைப் படிகளாக வெட்டி, ஊசிப்புல்லும் நைட்ரஜனைப் பிடித்துத் தரும் கொழிஞ்சியும் முதலில், புதர் பிறகு என்று போக வேண்டியிருக்கும்.

மீண்டும் பூஜ்யம்?

இப்போது இதைப் பேச அவசரக் காரணம் உண்டு. இந்த 13 குவியல்கள் பரவிக் கிடக்கும் 1,003 ஏக்கரில் மீண்டும் தங்கம் எடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்கு 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் தந்தது. வேலை கிடைக்கும் என்று ஊரில் எதிர்பார்ப்பு. ரயிலில் தினமும் பல மணி நேரத்தைத் தொலைக்கும் ஊருக்கு அந்த எதிர்பார்ப்பு நியாயமானதே.

ஆனால் டன்னுக்கு ஒரு கிராமுக்கும் குறைவான தங்கத்தை எடுத்தபின் பெருங்கழிவு கழிவாகவே மிஞ்சும். இத்தனை ஆண்டுகளில் அடிவாரங்களில் தட்டுத்தடுமாறி முளைத்த புதரும் போய், இயற்கையின் கடிகாரம் மீண்டும் பூஜ்யத்துக்குத் திரும்பும். புதிய குவியலை எப்படி மூடுவது, எந்தச் செடியை எந்த வரிசையில் வளர்ப்பது, எத்தனை ஆண்டு பராமரிப்பது என்பதெல்லாம் தோண்டுவதற்கு முன்பே ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டும். வெள்ளைக்காரன் காலத்தில் இந்தக் கேள்வியைக் கேட்க ஆளில்லை. அந்த விலையை இன்னும் மூச்சில் கட்டிக்கொண்டிருப்பது லைன் வீடுகளில் இருப்பவர்கள்தான்.